அலுவலகத்துக்கு ஏற்ற, வழுக்காத பெரிய அளவுக் காலணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலத்தில் அலுவலகத்துக்கு அணியும் காலணிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெரிய பாதம் உடையவர்கள் எழுதியவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாகப் பணிபுரிகிறேன். கல்லூரி நாட்களில் 7ஆம் எண் காலணி அணிந்தேன். முதல் குழந்தை பிறந்த பின் 8ஆம் எண், இப்போது 9. பெண்களுக்கான பிரிவில் 9ஆம் எண் கேட்டால் ஆண்கள் பிரிவைக் கைகாட்டுகிறார்கள். எப்படியோ தேடி வாங்கும் 9ஆம் எண்ணில் குதிகால் கழன்று கழன்று வருகிறது. 8ஆம் எண்ணிலோ சுண்டுவிரல் நசுங்குகிறது. காலையில் தரை துடைத்த ஈரம் காய்வதற்கு முன் கிளைக்குள் நுழைகிறபோது சறுக்கி விழப்போனதும் உண்டு. இரு பாதங்களையும் தாளில் வரைந்து இணைத்திருக்கிறேன். எனக்குப் பொருத்தமான காலணி எது? (வாசகி, சென்னை)

நீங்கள் அனுப்பிய வரைபடத்தை அளந்து பார்த்தேன். வலது பாதத்தின் நீளம் 25.7 செ.மீ., இடது 26.1 செ.மீ.; விரல்கள் தொடங்கும் இடத்தில் அகலம் 10.4 செ.மீ. இந்த நீளத்துக்கு 7க்கும் 8க்கும் இடைப்பட்ட அளவே போதுமானது. அகலம்தான் வழக்கத்தைவிட மிகுதி. நீங்கள் 9ஆம் எண்ணுக்குப் போனது நீளத்துக்காக அன்று, அகலத்தைத் தேடித்தான். அந்தத் தேடலில் தேவையில்லாத நீளத்தையும் சேர்த்து வாங்கிவிட்டீர்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் கடைகளில் புழங்கும் ஆங்கில அளவு முறையில், ஓர் எண் கூடினால் நீளம் ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. கூடுகிறது, அடிப்பாகத்தின் அகலமோ ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே கூடுகிறது. சுண்டுவிரலுக்கு அந்த 2 மி.மீ. இடம் கிடைப்பதற்காக, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெற்றிடம் உண்டாகிவிடுகிறது. அதோடு முடிவதில்லை. காலணி மடங்க வேண்டிய இடம் உங்கள் விரல் மூட்டுக்கு நேராக அமையாமல் முன்னே தள்ளிப்போய்விடுவதால், நடக்கும்போது பாதம் ஓரிடத்திலும் காலணி வேறோர் இடத்திலும் மடங்குகின்றன. நடையில் சறுக்கல் பெரும்பாலும் குதிகால் தரையைத் தொடும் கணத்தில்தான் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் குதிகால் காலணிக்குள் அசைந்துகொண்டிருந்தால், அடிப்பாகம் எவ்வளவு நல்ல ரப்பரால் ஆனதாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே, அளவும் வழுக்கலும் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் என்று எண்ண வேண்டாம்.

இந்த நிலை உங்கள் ஒருவருக்கு மட்டுமானதன்று. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து ஆய்வு செய்தது. இந்தியர்களின் பாதங்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானவை என்றும், குறுகலான காலணிகளே கிடைப்பதால் நம்மவர்கள் தேவைக்கு மேல் நீளமான காலணிகளை அணிகிறார்கள் என்றும் அதில் தெரியவந்தது. ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கெனத் தனி அளவு முறை ஒன்று முன்மொழியப்பட்டதற்கு இந்த ஆய்வே அடிப்படை. அது கடைகளில் பரவலாகும் வரை நாமே அளந்து தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மகப்பேறு பற்றியும் நீங்கள் குறிப்பிட்டிருப்பதால் சொல்கிறேன்: கர்ப்ப காலத்தில் பாதத்தின் உள்வளைவு சற்றுத் தாழ்ந்து, பாதம் சில மி.மீ. நீண்டு, அந்த மாற்றம் நிலைத்துவிடுவது பல பெண்களுக்கு நேர்கிறது. முதல் பேற்றின்போதே இது அதிகம். கல்லூரிக் காலத்து எண்ணை இனி நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் தேட வேண்டியது, பெண்களுக்கான அச்சில் (காலணியை உருவாக்கப் பயன்படும் கால் வடிவக் கட்டையில்) செய்யப்பட்ட, அகலப் பொருத்தம் கொண்ட 8ஆம் எண். ஆங்கில முறையைப் பின்பற்றும் நிறுவனங்கள் பலவற்றில் பெண்களுக்கு ‘டி’ என்பது வழக்கமான அகலம், ‘இ’, ‘இஇ’ என்பவை அகலமானவை. அமெரிக்க முறையிலோ பெண்களுக்கு ‘பி’ வழக்கமானது, ‘டி’ அகலமானது. ஒரே எழுத்து இரண்டு முறைகளில் வேறு வேறு பொருள் தருவதால், பெட்டியின் மீது எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடாதீர்கள். ஆண்கள் பிரிவுக் காலணி உங்களுக்கு ஆகாது என்பதற்கும் காரணம் உண்டு: ஆண்களுக்கான அச்சில் முன்பகுதியோடு சேர்ந்து குதிகால் பகுதியும் அகலமாக இருக்கும், உங்களுக்கு வேண்டியதோ முன்னே அகலமும் பின்னே இறுக்கமும். மேற்பாதத்தின் குறுக்கே பட்டை வைத்த, 2 முதல் 3 செ.மீ. உயரமுள்ள அகலமான கட்டைக் குதிகால் கொண்ட தோல் காலணி, புடவைக்கும் சல்வாருக்கும் வங்கியின் கண்ணியத்துக்கும் பொருந்தும். பட்டை குதிகாலைப் பின்னே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பட்டையில்லாமல் மெல்லிய பி.வி.சி. அடிப்பாகத்தோடு வரும் தட்டைக் காலணிகளை, அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், ஈரத் தரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதத்தை வீட்டிலேயே சரியாக அளப்பது எப்படி? கடைகளில் இப்போது அளவுப் பலகையே வைப்பதில்லை. (வாசகர், திண்டுக்கல்)

மாலையில் அளக்க வேண்டும். பகல் முழுதும் நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. அலுவலகத்துக்கு அணியும் காலுறையை அணிந்துகொண்டு, சுவரில் குதிகால் படுமாறு தாளின் மீது முழு எடையையும் ஊன்றி நின்று, வேறொருவரைக் கொண்டு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையச் சொல்லுங்கள். தானே குனிந்து வரைந்தால் எடை இடம் மாறி அளவு தவறும். பென்சில் உள்நோக்கிச் சாய்ந்தால் பாதம் சிறுத்துவிடும், வெளியே சாய்ந்தால் பெருத்துவிடும். இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும். காலணியை அணிந்து நிற்கும்போது மிக நீளமான விரலுக்கு முன்னே ஒரு செ.மீ. அளவுக்கு இடம் இருப்பது நல்லது. பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

அளவுப் பலகை பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயமானது. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் 1920களில் வடிவமைத்த அளவுகருவி நீளம், அகலம், குதிகாலிலிருந்து விரல் மூட்டு வரையுள்ள தூரம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் காட்டுகிறது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகப் பயன்பட்டுவரும் இந்தக் கருவி இருக்கும்போது, ‘போட்டுப் பாருங்கள், பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று சொல்லி விற்பது சோம்பேறித்தனம். தோல் அகலத்தில் சிறிது இளகும். நீளத்தில் ஒருபோதும் இளகாது.

என் உயரம் 6 அடி 4 அங்குலம். பாதம் 30.5 செ.மீ.; 13ஆம் எண் வேண்டும். கோயம்புத்தூரில் எந்தக் கடையில் கேட்டாலும் 10 அல்லது 11ஆம் எண்ணோடு முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் வேலை என்பதால் விளையாட்டு ஷூக்களோடு போக முடியாது. எங்கள் அலுவலக வாசலில் மெருகேற்றிய கிரானைட். என்ன செய்யலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

கடைக்காரர் மீது கோபப்பட வேண்டாம். இது தொழிற்சாலையில் தொடங்கும் சிக்கல். ஒவ்வோர் எண்ணுக்கும் கால் வடிவிலான ஓர் இணை அச்சு வேண்டும், அதைத் தொழிலில் லாஸ்ட் என்பார்கள். அதற்குப் பொருந்த, அடிப்பாகத்தை வார்த்தெடுக்கும் உலோக அச்சும் தனியே வேண்டும். இந்த இரண்டாவது அச்சுதான் விலை மிகுந்தது. உள்நாட்டில் ஆண்டுக்குச் சில இணைகளே விற்கும் 13ஆம் எண்ணுக்காக அதைச் செய்துவைக்க எந்த உற்பத்தியாளருக்கும் மனம் வராது.

ஆனால் இதே தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகும் ஷூக்கள் பெருமளவில் தைக்கப்படுகின்றன. அந்த நாடுகளின் ஆர்டர்களில் பெரிய எண்களும் இடம்பெறும். ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சியவை விற்பனைக்கு வருவதுண்டு. ஐரோப்பிய முறையில் உங்கள் எண் 48ஐ ஒட்டியிருக்கும். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் தேடி எடுப்பது அவர்களுக்கு எளிது. மிஞ்சியவற்றில் குறையுள்ளவையும் கலந்திருக்கும் என்பதால், இரு கால்களின் அடிப்பாகத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துவைத்து நீளமும் வளைவும் ஒத்திருக்கின்றனவா என்றும், மேல்தோலும் அடிப்பாகமும் ஒட்டும் விளிம்பில் விரலால் அழுத்தினால் பிளவு தெரிகிறதா என்றும் பாருங்கள். நெடுநாள் கிடங்கில் கிடந்த, பாலியூரித்தேன் எனப்படும் நுரை போன்ற பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகமாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். காரணத்தைக் கீழே வேறொரு கடிதத்துக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு வழி, அளவெடுத்துத் தைத்துக்கொள்வது. சென்னையில் தோல் வணிகம் நிறைந்த பெரியமேட்டில் இதற்கான ஆட்கள் உண்டு. உங்கள் ஊரிலும் விசாரித்தால் கிடைப்பார்கள். தைத்துக்கொள்வதில் ஒரு நன்மை என்னவென்றால், அடிப்பாகத்தை வார்ப்பு அச்சில் அன்றி ரப்பர் தகட்டிலிருந்து வெட்டி ஒட்டித் தைப்பார்கள். ஆகவே எண் எதுவானாலும் தடையில்லை, எந்த ரப்பர் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். தோல் அடிப்பாகம்தான் கௌரவம் என்று அவர் வற்புறுத்தினாலும் ஏற்க வேண்டாம். ஈரமான கிரானைட்டில் தோல் அடிப்பாகம் மிக மோசமானது. கொஞ்சம் மென்மையான, நுண்ணிய வரிகள் வெட்டிய ரப்பர் தகட்டைக் கேளுங்கள். ஏற்கெனவே உங்களிடம் தோல் அடிப்பாக ஷூ இருந்தால், முன்பாதியில் மெல்லிய ரப்பர் ஹாஃப் சோலும் குதிகாலில் ரப்பர் துண்டும் ஒட்டித் தரச் சொல்லலாம், தோற்றம் கெடாது.

வடிவத்தைப் பொறுத்தவரை, கயிற்றுத் துளைகள் உள்ள இரு மடல்களும் மேலே தனித்துத் திறக்கும் டெர்பி வகையைத் தேர்ந்தெடுங்கள். மேற்பாதம் உயர்ந்தவர்களுக்கும் அகலமானவர்களுக்கும் அதில் இறுக்கவும் தளர்த்தவும் இடமிருக்கும். மடல்களின் கீழ்ப்பகுதி மூடித் தைக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு வகையில் அந்த வசதி குறைவு. கயிறே இல்லாத லோஃபரோ அளவு இம்மியும் பிசகாமல் இருந்தால் மட்டுமே காலில் நிற்கும். அந்தத் துல்லியம் 13ஆம் எண்ணில் கிடைப்பது கடினம்.

மதுரையில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ‘ஆன்டி ஸ்கிட்’ என்று ஒட்டியிருந்த ஷூவை நம்பி வாங்கினேன். அடியில் ஆழமான பற்கள் இருந்தும் சோப்பு நீர் பட்ட டைல்ஸில் வழுக்குகிறது. எதைப் பார்த்து வாங்குவது? என் அளவு 12. (வாசகர், மதுரை)

‘ஆன்டி ஸ்கிட்’ என்ற ஒட்டுத்தாளை யாரும் அச்சிட்டு ஒட்டலாம். எந்தத் தரையில், எந்த நீர்மம் பூசி, எந்த விதிப்படி சோதித்தார்கள் என்பது இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. பணிக் காலணிகளுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 20347. அதன் பழைய பதிப்பில், சோப்புக் கரைசல் பூசிய செராமிக் டைல்ஸில் தேறியவை ‘எஸ்.ஆர்.ஏ.’ என்றும், கிளிசரின் பூசிய எஃகுத் தரையில் தேறியவை ‘எஸ்.ஆர்.பி.’ என்றும், இரண்டிலும் தேறியவை ‘எஸ்.ஆர்.சி.’ என்றும் குறிக்கப்பட்டன. புதிய பதிப்பில் சோப்புக் கரைசல் சோதனை அடிப்படைத் தேவையாகிவிட்டது. அதற்கு மேல் கிளிசரின் பூசிய செராமிக் டைல்ஸிலும் தேறியவற்றுக்கு ‘எஸ்.ஆர்.’ என்ற குறி தரப்படுகிறது. நம் நாட்டில் ஐ.எஸ். 15298 தரநிலையின் 4ஆம் பகுதி இதே வகைக் காலணிகளுக்கானது. பணிக் காலணி என்றதும் இரும்பு முனை வைத்த முரட்டுப் பூட்ஸ் நினைவுக்கு வரலாம். அது பாதுகாப்புக் காலணி என்ற வேறு வகை. இந்த வகையில் இரும்பு முனை கிடையாது. வரவேற்பறைக்கு அணியத்தக்க கறுப்புக் கயிற்று ஷூக்களும் இதில் இருக்கின்றன. பன்னாட்டு நிறுவனங்கள் இவற்றைப் பெரிய எண்களிலும் செய்கின்றன என்பதால், உங்கள் தேடலை இங்கிருந்தே தொடங்கலாம்.

ஆழமான பற்கள் உங்களைக் காக்காததற்குக் காரணம் எளிது. அவை சேற்றுக்கும் சரளைக்குமானவை; மண்ணுக்குள் இறங்கிப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. டைல்ஸுக்குள் எதுவும் இறங்க முடியாது. அங்கே பிடிப்பு என்பது, ரப்பர் தரையோடு நேராகத் தொடும் பரப்பையும், இடையில் அகப்பட்ட நீரை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதையும் பொறுத்தது. பற்கள் பெரிதாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் தொடும் பரப்பு குறைந்துவிடும். சிறு சிறு கட்டங்களாக நெருங்கி அமைந்து, அவற்றுக்கிடையேயுள்ள வாய்க்கால்கள் அடிப்பாகத்தின் விளிம்பு வரை தடையின்றிச் செல்லும் வடிவமே வேண்டும். ஓரத்தில் அணை கட்டியதுபோல் விளிம்பு மூடியிருந்தால் நீர் உள்ளேயே நின்றுவிடும். குதிகாலின் பின்விளிம்பு சற்றே சாய்வாகச் செதுக்கப்பட்டிருந்தால், முதல் தொடுதலில் கூரிய விளிம்புக்குப் பதிலாக ஒரு பரப்பு தரையில் படியும்.

பொருளையும் கேட்டு வாங்குங்கள். கெட்டியான பி.வி.சி. ஈரத்தில் நம்பத் தகுந்ததன்று. டி.பி.ஆர். எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் ரப்பர் ஈரத் தரையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எண்ணெய்க்குத் தாங்காது. சமையலறைக்கும் போய்வர வேண்டியவராக இருந்தால் நைட்ரைல் ரப்பரே நல்லது. நகத்தால் அழுத்திப் பார்த்தால் சற்றே உள்வாங்கி மீளும் ரப்பருக்கும், கண்ணாடிபோல் பளபளத்துக் கெட்டியாக இருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு கடையிலேயே தெரிந்துவிடும்.

புதிய ஷூ முதல் சில நாட்கள் வழுக்கினால் உடனே குறைசொல்லிவிடாதீர்கள். வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் பிரிந்துவரப் பூசும் மெழுகு போன்ற பொருள் அடிப்பாகத்தில் படிந்திருக்கும். சோப்பிட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாலோ மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலோ அது போய்விடும். எதிர்முனையில், தேய்ந்த ஷூவை நெடுநாள் வைத்திருப்பதும் ஆபத்தே. குதிகாலின் வெளி ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வரிகள் அழிந்து வழவழப்பாகிவிட்டால், மேல்தோல் புதிதுபோல் மின்னினாலும் ஈரத் தரைக்கு அது ஓய்வுபெற்றுவிட்டது என்று கொள்ளுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் 9 என்று போட்டு வாங்கிய பெண்கள் ஷூ சிறியதாக வந்திருக்கிறது. நான் வழக்கமாக அணிவதும் 9தான். (வாசகி, திருநெல்வேலி)

வந்திருப்பது அமெரிக்க எண்ணாக இருக்க வேண்டும். பெண்களுக்கான அமெரிக்க எண் நம் எண்ணைவிடச் சுமார் 2 கூடுதல்; நம் 9 அங்கே 11. ஆண்களுக்கானது சுமார் 1 கூடுதல். எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் அட்டவணையில் பாத நீளம் எத்தனை செ.மீ. என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

நீரிழிவு நோயாளி நான். மருத்துவர் எம்.சி.ஆர். காலணி அணியச் சொல்லியிருக்கிறார். பட்டை வைத்த அந்தக் காலணியோடு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகத் தயங்குகிறேன். என் அளவு 11. (வாசகர், தஞ்சாவூர்)

மருத்துவர் சொன்னதுதான் முதலில், தோற்றம் பிறகு. எம்.சி.ஆர். என்பது நுண்துளைகள் கொண்ட மென்மையான ரப்பர். உணர்விழந்த பாதங்களில் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து புண்ணாகாமல் காக்கும் காலணிகளை உருவாக்கும் பணி, வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளுக்குச் செய்த மருத்துவத்தோடு சேர்ந்து வளர்ந்தது. நீரிழிவுப் பாதங்களுக்கும் அந்த அறிவே பயன்படுகிறது. அந்த ரப்பரைத் தரையில் படும் அடிப்பாகமாக வைப்பதில்லை. பாதம் பதியும் உள்தகடாகத்தான் வைப்பார்கள். ஆகவே, உள் ஆழம் மிகுந்த தோல் ஷூவில் எம்.சி.ஆர். தகட்டைப் பொருத்தி, அடியில் பிடிப்புள்ள ரப்பர் வைத்துத் தர முடியுமா என்று உங்கள் மருத்துவமனையின் காலணிப் பிரிவில் கேளுங்கள். சாதாரண ஷூவுக்குள் நீங்களாகவே தடித்த தகட்டைத் திணிக்க வேண்டாம். உள்ளிடம் குறைந்து மேல்தோல் விரல்களில் உராயும், உணர்வு குறைந்த பாதத்தில் அந்தக் காயம் தெரியவே தெரியாது. பெரிய எண் வாங்கி இடத்தை உண்டாக்கலாம் என்ற யோசனையும், முதல் கடிதத்தில் சொன்ன காரணத்தாலேயே, உங்களுக்குக் கூடுதல் தீங்கு.

பெரிய பாதம் மேலும் பெரிதாகத் தெரியாமல் இருக்க என்ன வடிவம் வாங்கலாம்? (வாசகி, ஈரோடு)

கூர்முனை வேண்டாம்; அது நீளத்தைக் கூட்டிக்காட்டும், விரல்களையும் நெருக்கும். பாதாம் வடிவில் மெதுவாகக் குவியும் முனையும், மினுமினுப்பு இல்லாத கறுப்பு, அடர்பழுப்பு நிறங்களும், மேற்பரப்பின் நீளத்தை இடையில் வெட்டும் குறுக்குத் தையலோ பட்டையோ இருப்பதும் உதவும். ஆண்களுக்கும் இதே விதிதான். குறுகலான கால்சட்டை விளிம்புக்குக் கீழே பெரிய ஷூ துருத்திக்கொண்டு தெரியும், விளிம்பு சற்று அகலமாக இருந்தால் தெரியாது. மற்றபடி, பொருத்தமான காலணியில் இயல்பாக நடந்துவருகிறவரின் பாத அளவை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அரிதாகக் கிடைத்த 12ஆம் எண் ஷூவைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்தால் அடிப்பாகம் மாவுபோல் உதிர்கிறது. சரிசெய்ய முடியுமா? (வாசகர், புதுச்சேரி)

உதிர்ந்தது பாலியூரித்தேன் அடிப்பாகம். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் பிணைப்புகளை மெல்ல உடைத்துவிடும். கடற்கரை ஊர்களில் இது விரைவாக நிகழ்கிறது. அணியாமல் மூடிவைப்பதால் சிதைவு நிற்பதில்லை. ஒட்டிச் சரிசெய்ய முடியாது; ஆனால் மேல்தோல் நன்றாக இருந்தால் ஷூவை வீசிவிட வேண்டாம். பழைய அடிப்பாகத்தை முழுவதும் நீக்கி, ரப்பர் தகட்டில் புதிய அடிப்பாகம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுக்கும்போது, மேல்தோல் சுருங்கிவிடாதிருக்க உள்ளே தாளை இறுக அடைத்துக் கொடுங்கள்; 12ஆம் எண்ணுக்கான அச்சு அவரிடம் இருக்க வாய்ப்பு குறைவு.